நாலு அம்பாரம் கருத்து

சுப்ராயனிடம் கருத்து இருக்கிறது என்று அரசாங்கம் கண்டுபிடித்த அன்று, அவர் கணுக்கால் அளவு சேற்றில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார். மரக்காணத்து உப்பளத்தில் அவருக்கு ஆறு பாத்திகள் குத்தகை. கோடையில் யாரும் எதிர்பாராமல் கொட்டிய மழையில் அடிச்சேறு கலங்கி, வாரிக் குவித்து வைத்திருந்த நான்கு அம்பாரமும் வெள்ளை போய்க் கருத்துவிட்டன. அந்தக் கவலையில் நிமிராமல் பலகையை இழுத்துக்கொண்டிருந்தவர், வரப்பின்மேல் ஷூ சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு கண்ணாடிப் பலகையுமாக ஓர் இளைஞன் நின்றிருந்தான். ரெக்ஸ் என்று பேர் சொன்னான். வாரியத்திலிருந்து வருவதாகச் சொன்னான். உப்பளத்தில் நிற்பவருக்கு வாரியம் என்றால் நல வாரியம்தான் நினைவுக்கு வரும். மழை நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்திருக்கிறான் என்று சுப்ராயன் நினைத்துக்கொண்டார்.

“பெரியவரே, கருத்து இருக்குதா?”

“நல்லாவே கருத்து இருக்குது தம்பி.”

ரெக்ஸின் விரல் கண்ணாடியின்மேல் நின்றுவிட்டது. மூன்று மாதமாக அவன் வீடு வீடாகப் போகிறான். இருக்கிறது என்று வாய்விட்டு ஒப்புக்கொண்ட முதல் மனிதர் இவர்.

“எவ்வளவு இருக்கும்?”

“நாலு அம்பாரம்.”

“பார்த்தா அப்படித் தெரியலையே.”

“மேலாக்கப் பார்த்தா தெரியாது. வெள்ளையாத்தான் இருக்கும். கிளறிப் பாரு, உள்ள பூரா கருத்துதான் இருக்கும்.”

“எதனால இப்படி ஆச்சு?”

“எல்லாம் அடியில இருக்கிற சேறு. மேல எவ்ளோ சுத்தமா வேலை செஞ்சாலும் அடி கலங்கிப்போனா அவ்ளோதான்.”

ரெக்ஸ் ஓரடி பின்னால் போனான். “வெளியில தெரியாம வெச்சிருக்கீங்களா?”

“தார்ப்பாய் போட்டு மூடித்தான் வெச்சிருக்கேன். ஆள் வந்தா தள்ளி விட்டுடுவேன்.”

“யாருக்கு?”

“கருவாடு போடறவங்களுக்கு. ஐஸ் பேக்டரிக்கு. பாண்டிச்சேரிக்குக்கூட போவும்.”

“இதெல்லாம் நீங்களே உங்க வாயால சொன்னது. அப்புறம் மாத்திச் சொல்ல மாட்டீங்களே?”

சுப்ராயன் நிமிர்ந்து நின்றார். “எங்க குடும்பத்துல இருக்கிறதை இல்லைன்னு சொல்ற பழக்கம் கிடையாது தம்பி.” ஈர விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு நிவாரணத்தை மனதில் வைத்துக்கொண்டு, “கொஞ்சம் பார்த்துப் பண்ணுப்பா” என்றார்.

அதை மிரட்டல் என்று ரெக்ஸ் தனிக் கட்டத்தில் குறித்துக்கொண்டான்.

பதினோராம் நாள் பதிவுத் தபால் வந்தது. அனுப்பியது கருத்து ஒழுங்குமுறை வாரியம். டீக்கடையிலும் பேருந்திலும் கைப்பேசியிலும் எல்லாரும் எல்லாவற்றையும் பற்றிக் கருத்துச் சொல்லி, கேட்பதற்கு ஆளே இல்லாமல் போய்விட்டதால், கருத்தை முறைப்படுத்துவதற்கென்று அந்த வாரியம் ஏற்பட்டிருந்தது. ஏற்பட்ட சில மாதங்களிலேயே, முறைப்படுத்துவது கடினம், இல்லாமல் ஆக்குவது சுலபம் என்பதை அது கண்டுகொண்டது. தாசில்தாருக்கு நிகரான ஓர் அலுவலர், ஒரு கட்டடம், இரண்டு கேமரா என்று வட்டாரம்தோறும் வந்துவிட்டது.

சுப்ராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டீசைப் படித்தார். “தங்களிடம் நான்கு அம்பாரம் அளவுக்குக் கருத்து இருப்பதாகவும், வெளிப்பார்வைக்கு வெண்மையாகத் தோன்றினும் உள்ளே முழுவதும் கருத்தே இருப்பதாகவும், அடித்தளம் கலங்கியதே காரணமெனவும், மேற்படி கருத்தைத் தார்ப்பாய் கொண்டு மறைத்து வைத்து அண்டைப் பிரதேசத்துக்கும் அனுப்பி வருவதாகவும் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளபடியால்...”

அவர் வாழ்நாளில் இத்தனை நீளமான வாக்கியத்தில் அவர் பெயர் வந்ததில்லை. தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

அதே வாரம்தான் மகள் சூர்யகலாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. ஆறு வருஷம் பரீட்சை எழுதிக் கிடைத்த வேலை. அந்தக் குடும்பத்தில் அரசாங்க முத்திரையோடு வந்த முதல் நல்ல காகிதம் அது. கூட இணைக்க வேண்டிய சான்றுகளின் வரிசையில் ஏழாவதாக இருந்தது: குடும்பத் தலைவரின் கருத்தின்மைச் சான்று. இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“அப்பா, இது உப்பைச் சொன்னதுன்னு போய்ச் சொல்லிட்டா முடிஞ்சுது” என்றாள் சூர்யகலா. “ஏம்பா மூஞ்சி இப்படி வேர்க்குது?”

வேர்த்ததற்குக் காரணம் இருந்தது. அதை அவர் மகளிடம் சொல்லவில்லை. ரெக்ஸ் எழுதியது தப்பு. ஆனால் தப்பாக எழுதியது நிஜமாக இருந்தது. சுப்ராயனிடம் கருத்து இருந்தது. நான்கு அம்பாரம் என்பதுகூடக் குறைச்சல்தான்.

டீக்கடையில் பணம் வந்து விழுந்ததும் ஊருக்கே கேட்கும்படிக் கத்துகிற பெட்டியைப் பற்றி அவருக்குக் கருத்து இருந்தது. ஒரு மனிதன் எத்தனை ரூபாய்க்குப் பஜ்ஜி தின்றான் என்பது அவன் குடும்ப விஷயம். பிறந்த நாளென்று கேக்கை வெட்டி, தின்னாமல் மூஞ்சியில் அப்பிக்கொள்கிறவர்களைப் பற்றி இருந்தது. சாவு வீட்டுக்கு வராமல் கைப்பேசியில் இரண்டு கை கூப்பிய பொம்மையை அனுப்புகிற சொந்தக்காரர்களைப் பற்றி இருந்தது. புயலைப் பற்றி யூடியூபில் சொல்லுகிற பையன்கள், வராத புயலுக்கு நாலு மணி நேரம் பேசிவிட்டு, வந்த மழைக்கு வாய் திறக்காததைப் பற்றி ரொம்பவே இருந்தது. தேர்தலில் நின்ற மூன்று பேரும் ஒரே படப்பிடிப்புக்காரனை வைத்துக்கொண்டு, ஒரே பாத்தியில், ஒரே பலகையைப் பிடித்து உப்பு வாருவதுபோலப் படம் எடுத்துக்கொண்டு போனார்களே, அந்தப் பலகை இவருடையது. அதைப் பற்றி இருந்ததை எழுத இந்தத் தாள் போதாது.

ஒன்றையும் அவர் வெளியே சொன்னதில்லை. கருத்துச் சொல்லி நாலு பேரிடம் பேச்சு வாங்குவது குடும்பத்துக்கு அழகல்ல என்பது அவர் எண்ணம். ஆளில்லாத பாத்தியில் பலகை இழுக்கும்போது வாய்க்குள் முனகிக்கொள்வதோடு சரி. இப்போது அந்த முனகல் யாருக்காவது கேட்டிருக்குமோ என்று, கடந்துபோன நாற்பது வருஷத்தையும் திரும்பிப் பார்த்து நடுங்கினார்.

இன்னொரு பயமும் இருந்தது. சான்று வேண்டுமானால் எனக்குக் கருத்து எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய அப்பா ஒரு பாத்தித் தகராறில், பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய தாளில் கையெழுத்துப் போட மறுத்து, இரண்டு வருஷம் குத்தகை இழந்து கூலிக்குப் போனவர். அந்தக் கையெழுத்தைப் போடாததால் கெடாமல் தப்பிய அப்பாவின் பேரைத்தான் சுப்ராயன் முன்னெழுத்தாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

வட்டாரக் கருத்து அலுவலகம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இருந்தது. வாசலில் ‘தங்கள் கருத்துகளை வெளியே விட்டுவிட்டு வரவும்’ என்று எழுதியிருந்தது. செருப்பையும் அங்கேதான் விட வேண்டும்.

உள்ளே முப்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு கேமரா, பக்கத்தில் சிவப்பு விளக்கு. டீ கொடுக்கிற ஜான்சி வரிசையாக வந்து, “சர்க்கரை போதுமா?” என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு ஆள் மறதியாக, “கொஞ்சம் கம்மிம்மா” என்றுவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு பேர் வந்து மரியாதையாக அவரை இரண்டாம் அறைக்கு அழைத்துப்போனார்கள். அவருடைய டீ நாற்காலியின்மேல் ஆறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்தவர் உதட்டை அசைக்காமல் பேசினார். பக்கத்து ஊர் அனுமந்தையைச் சேர்ந்த அந்தோணிராஜ். படகுக்குப் போகிறவர், சுப்ராயனிடம் கருவாட்டுக்கு உப்பு வாங்குகிறவர்.

“சுப்ராயண்ணே, நீயுமா? உன்னை ஊமைன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்.”

“நீ இன்னா பண்ண?”

“கட்டை விரல்ணே. படகு குரூப்ல எது வந்தாலும் ஒரு கட்டை விரல் தட்டி விட்டுடுவேன். டீசல் ஏறுச்சு, கட்டை விரல். புயல் வருது, கட்டை விரல். எங்க தலைவர் மாமியா செத்துட்டாங்க, அதுக்கும் தட்டிட்டேன். எல்லாத்தையும் ஆதரிக்கிறது அபாயமான போக்காம். விரலைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கானுங்க.”

“மெதுவா பேசுப்பா.”

“பயப்படாதண்ணே. பயமே ஒரு கருத்துன்னு புது ரூல் வந்திருக்குதாம்.”

சுப்ராயன் பயப்படாமல் இருக்க முயன்றார். அதில் இன்னும் கொஞ்சம் வேர்த்தது.

முதலில் முகக்குறிப்புச் சோதனை. ஒரு நாற்காலியில் உட்கார வைத்து எதிரே திரையில் வரிசையாகப் படம் காட்டினார்கள். ஒரு மேம்பாலத் திறப்பு விழா. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி வட்டமிடும் குட்டி விமானம். தானாகவே கவிதை எழுதும் கம்ப்யூட்டர். சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பாட்டைப் படம் பிடிக்கும் குடும்பம். சுப்ராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார். முடிவில் இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. ரெக்ஸ் அதைப் படித்து வெளிறிப்போனான்.

“பெரியவரே, ‘நிரந்தர அதிருப்தி’ன்னு வருது. வெள்ளைச் சுவரைக் காட்டுனப்பகூட முறைச்சிருக்கீங்க.”

“நான் முறைக்கலை தம்பி. நாப்பது வருஷமா உப்பு மேல அடிக்கிற வெயிலைப் பார்த்த கண்ணு. இப்படித்தான் சுருங்கிக் கிடக்கும்.”

“விரிக்க முடியாதா?”

சுப்ராயன் இரண்டு விரலால் இமைகளை விரித்துக் காட்டினார். இயந்திரம் அதை ‘அளவு கடந்த வியப்பு’ என்று பதிந்தது.

அடுத்த அறையில் வட்டாரக் கருத்து அலுவலர் வெங்கடாசலம், சுப்ராயனின் கோப்பைப் படித்து மூடிவிட்டு, பரிவோடு அவரைப் பார்த்தார்.

“உட்காருங்க பெரியவரே. கருத்துங்கிறது ஒரு வியாதி. முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரு கருத்து கிடையாது. இந்த ரோட்டை அகலப்படுத்தறேன்னு அத்தனை மரத்தையும் வெட்டுனாங்க. நான் வாயைத் திறந்தேனா? வெட்டிட்டு அதே இடத்துல மரம் வளர்ப்போம்னு போர்டு வெச்சானுங்க, வெட்கங்கெட்டவனுங்க. திறந்தேனா? நம்ம சர்க்குலர் எல்லாத்தையும் இப்ப கம்ப்யூட்டரே எழுதுது. எனக்கே ஒரு எழவும் புரியலை. கையெழுத்து மட்டும் போடறேன். ஏதாவது சொல்றேனா? என் பொண்ணு கல்யாணத்துல இலையைத் தூக்கிட்டுக் கையில தட்டைக் குடுத்து க்யூவுல நிக்க வெச்சான் என் சம்பந்தி. மனுஷன் செய்யற வேலையா அது? கிரிக்கெட்டை எடுத்துக்குங்க...”

இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. கிரிக்கெட், பிரியாணியில் உருளைக்கிழங்கு, மருமகனின் தாடி, உலகப் போர் எல்லாம் வந்தன. சுப்ராயன் சுவரைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரியவில்லை. அவர் பார்வையை வெங்கடாசலம் கவனித்துவிட்டார்.

“அது எரியாது. நான் சொல்றது கருத்து இல்ல, வழிகாட்டுதல். சீட்டுல இருக்கிறவன் சொன்னா வழிகாட்டுதல். எதிர்ல இருக்கிறவன் சொன்னா கருத்து. இதுகூடத் தெரியாம நாலு அம்பாரம் சேர்த்து வெச்சிருக்கீங்க.”

சுப்ராயன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, உப்பு கருத்துப்போன கதையை முதலிலிருந்து சொன்னார். வெங்கடாசலம் ரெக்ஸைப் பார்த்தார். ரெக்ஸ் தன் ஷூவைப் பார்த்தான்.

“கருத்து இருக்குன்னா கருத்துப்போய் இருக்குன்னு அர்த்தமா?”

“அளத்துல அதுக்கு வேற அர்த்தமே கிடையாது சார்.”

“அப்படின்னா கருத்தை நேர்ல கொண்டு வாங்க. ஒரு கிலோ. மாதிரிக்கு.”

மறுநாள் சுப்ராயன் ஒரு துணிப்பையில் கருத்த உப்பைக் கொண்டுவந்தார். அதற்குச் சீல் வைத்து, ‘கருத்து, ஒரு கிலோ’ என்று சீட்டு ஒட்டினார்கள். தலைமை அலுவலகத்து நிபுணர் குழு திரையில் மூன்று தலைகளாகத் தோன்றியது. பையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். கருத்து தெளிவாகத் தெரிகிறது என்றார் ஒரு நிபுணர். ஆனால் நிலைப்பாடு தெரியவில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வெகு நேரம் உதட்டை அசைத்தார். குரலை அணைத்து வைத்திருந்ததால் அவர் சொன்னதே குழுவின் முடிவாகக் குறிக்கப்பட்டது.

பையைக் கோப்பறையில் வைத்தார்கள். கடற்காற்றின் ஈரத்தில் உப்பு நீர்விட்டுவிடும் என்று சுப்ராயன் சொல்ல வாயெடுத்தார். அது கருத்தாகிவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் கோப்பறையிலிருந்து அலறல் கேட்டது.

“சார், கருத்து கசியுது! கருத்து கசிஞ்சிடுச்சு சார்!”

அலுவலகக் கதவுகளைச் சாத்தினார்கள். ஒரு ஜீப் வந்தது. கசிந்த கருத்து அலமாரியின் கீழ்த்தட்டுவரை இறங்கி, அறுபது பேருடைய கோப்புகளை நனைத்திருந்தது. அந்த அறுபது பேரிடமும் கருத்து பரவியிருக்கலாம் என்று ரெக்ஸ் அறிக்கை எழுதினான். அன்று மாலை சுப்ராயன் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. தெருவே பார்த்தது. அந்தக் குடும்பத்து வாசலில் இதுவரை ஜீப் நின்றதில்லை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, மாற்று வேட்டியையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஒண்ணும் இல்லைங்க, அலமாரி துடைக்க வேட்டித் துணி இருக்குமான்னு சார் கேக்கச் சொன்னாரு” என்றார் டிரைவர்.

அவர் மாற்று வேட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

இருபத்தெட்டாம் தேதி வந்தது. மாலை ஐந்து மணிக்குள் சான்று சேர வேண்டும். மூன்றரை மணிக்கு வெங்கடாசலம் கூடத்துக்கே வந்து, தலைமை அலுவலகத்தின் புதிய சுற்றறிக்கையை எல்லோர் முன்னிலையிலும் படித்தார். அதைக் கம்ப்யூட்டர் எழுதியிருந்ததால் அதில் ஓட்டையே இல்லை.

“மரக்காணம் வட்டாரத்தைப் பொறுத்தவரை, ‘கருத்து இருக்கிறது’ என எவர், எங்கு, எதைக் குறித்துச் சொன்னாலும் அல்லது எழுதினாலும், அது உப்பின் நிறத்தை மட்டுமே குறிப்பதாகக் கொள்ளப்படும். அதனைக் கருத்தாகக் கொள்ளலாகாது. இதற்கேற்ப இயந்திரங்கள் திருத்தப்பட்டுள்ளன.”

வெங்கடாசலம் பெருமையோடு சுப்ராயனைப் பார்த்தார். “உங்களுக்காகத்தான் இவ்ளோவும். நோட்டீஸ் ரத்து. இந்தப் படிவத்துல எழுதிக் குடுத்துட்டு சான்றை வாங்கிக்கிட்டுப் போங்க.”

படிவத்தில் மூன்றே கேள்விகள். நாட்டு நடப்பு குறித்துத் தங்கள் கருத்து. தொழில்நுட்பம் குறித்துத் தங்கள் கருத்து. அன்றாடப் பழக்கவழக்கங்கள் குறித்துத் தங்கள் கருத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இல்லை’ என்று எழுதி, மேற்கண்டவை உண்மை என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

சுப்ராயன் பேனாவைத் திறந்தார். முதல் கட்டத்தின்மேல் பேனா நின்றது. இவருடைய பலகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட மூன்று வேட்பாளர்களும் கண்முன்னே வந்து சிரித்தார்கள். கத்துகிற பெட்டி கத்தியது. கேக் அப்பிய முகங்கள் வந்தன. வெளியே மரத்தடியில் சூர்யகலா சான்றுகள் வைத்த கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது ஜன்னலில் தெரிந்தது. அவள் வேலை இந்தக் கையெழுத்தில் இருந்தது. அவருடைய அப்பா போடாமல் விட்ட கையெழுத்தும் அதே இடத்தில்தான் இருந்தது.

“இன்னா யோசனை?” என்றான் ரெக்ஸ். “இல்லைன்னு எழுதறதுக்கு இவ்ளோ நேரமா? மணி நாலேகால்.”

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை வழிந்து உதட்டில் விழுந்தது. கரித்தது. சுப்ராயன் அதை நாக்கால் துடைத்துக்கொண்டார். பிறகு சுருங்கிய கண்ணை இன்னும் சுருக்கி, மூன்று கட்டத்திலும் எழுதினார். ஒரே மாதிரி எழுதினார். கீழே தகப்பன் பேரின் முன்னெழுத்தோடு முழுக் கையெழுத்துப் போட்டார்.

ரெக்ஸ் படிவத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். கூடத்தில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு படிவத்தை இயந்திரத்துக்குள் விட்டான்.

இயந்திரம் முனகியது. சுப்ராயன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எரியவில்லை. சான்று வெளியே வந்தது, முத்திரையோடு.

கூடத்தைக் கடக்கும்போது அந்தோணிராஜ் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். “அண்ணே, உன்னால ‘இல்லை’ன்னு எழுத முடிஞ்சுதா?”

“எழுதலைப்பா.”

“அப்புறம்?”

சுப்ராயன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். “கருத்து இருக்குன்னு எழுதினேன்.”

அந்தோணிராஜ் சுவரில் ஒட்டிய சுற்றறிக்கையை ஒரு தரம் படித்தார். “எனக்கு அளம் கிடையாதேண்ணே.”

“எவர், எங்கு, எதைக் குறித்துன்னு போட்டிருக்குது. அதுவும் இல்லாம, நீ உப்பு போடாமலா கருவாடு காய வைக்கிற?”

வரிசையில் இருந்த முப்பது பேரும் அசையவில்லை. ஆனால் முப்பது பேருடைய காதும் அசைந்ததுபோல இருந்தது. ஜான்சி வந்து சர்க்கரை போதுமா என்று கேட்டாள். “கருத்து இருக்குதும்மா” என்றார் ஒருவர் மெதுவாக. விளக்கு எரியவில்லை.

வெளியே சூர்யகலா சான்றை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“அப்பா, இன்னாப்பா இப்படி அடிச்சிருக்கு? ‘மேற்படியாரிடம் கருத்து எதுவும் இல்லை, உப்பு மட்டுமே உள்ளது’ன்னு வந்திருக்கே. திருத்தித் தரச் சொல்லலாமா?”

சுப்ராயன் சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஜீப் எதுவும் வரவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“வேணாம்மா. சரியாத்தான் போட்டிருக்கான். அஞ்சு மணி ஆவறதுக்குள்ள போய்க் குடு.”